உள்பக்கத் தாழ்ப்பாள்

இடத்தைத் தேர்ந்தெடுத்தது அக்காதான். பெரியப்பா மகள், என்னைவிட ஒன்பது வயது மூத்தவள். அந்த நகரத்தில் பல வருடமாக இருக்கிறாள். நான் வேலை விஷயமாக நான்கு நாள் போயிருந்தேன். கடைசி நாள் ராத்திரி சாப்பாட்டுக்கு எங்கே போகலாம் என்று கேட்டதும், யோசிக்காமல் "ஐரிஷ் பப்" என்றாள்.

"நான்தான் குடிக்க மாட்டேனே அக்கா."

"யாருடி உன்னைக் குடிக்கச் சொன்னா? சாப்பிட வா. அங்க ஒரு மூலை இருக்கு, உனக்குக் காட்டணும்."

ஐரிஷ் பப் எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும். உள்ளே போகாதவர்களுக்கும் தெரியும். கரும்பச்சை முகப்பு, அதில் தங்க எழுத்தில் 'ஓ' என்று தொடங்கும் ஏதோ ஒரு குடும்பப் பெயர். உள்ளே பழுப்பு மரம், மஞ்சள் வெளிச்சம், சுவர் முழுக்கப் பழைய விளம்பரத் தகடுகள், உத்தரத்திலிருந்து தொங்கும் சைக்கிள். விமான நிலையத்தில் இருந்தாலும் இப்படித்தான், பெரிய வணிக வளாகத்தின் மூன்றாவது மாடியில் இருந்தாலும் இப்படித்தான்.

இந்த ஒற்றுமை தானாக வந்ததல்ல. மெல் மெக்நேலி என்பவர் 1970களில் அயர்லாந்தின் தலைநகர் டப்ளினில் கட்டடக்கலை படித்தபோது, படிப்பின் ஒரு பகுதியாக அந்த ஊர்ப் பப்களை அளந்து வரைந்து ஆராய்ந்தார். பிற்பாடு அதையே தொழிலாக்கி 'ஐரிஷ் பப் கம்பெனி' என்று ஒன்றைத் தொடங்கினார். 1990களில் கின்னஸ் என்ற ஐரிஷ் கறுப்பு பீரைக் காய்ச்சும் நிறுவனமும் சேர்ந்துகொண்டது. பப் பெருகினால் கின்னஸ் விற்கும், கணக்கு சரிதானே? விக்டோரியா காலத்து டப்ளின் பாணி, நாட்டுப்புறக் குடிசைப் பாணி, பழைய மளிகைக்கடைப் பாணி, மதுவடி ஆலைப் பாணி என்று வகைகள் வைத்திருந்தார்கள். ஒன்றைத் தேர்ந்தெடுத்தால் கவுன்டர், அலமாரி, தகடு, தட்டுமுட்டுச் சாமான் எல்லாம் அயர்லாந்தில் தயாராகி, கன்டெய்னரில் கப்பலேறி வந்துவிடும். உலகம் முழுக்க நூற்றுக்கணக்கான பப்கள் இப்படிப் பிறந்தவை.

நாங்கள் போனது அப்படி வந்ததா, அதைப் பார்த்து உள்ளூர்த் தச்சர் அடித்ததா என்று தெரியாது. ஆனால் நுழைந்த கையோடு நான் சோதனையில் இறங்கிவிட்டேன். வாசலுக்குப் பக்கத்தில் தோல் அட்டை போட்ட பழைய புத்தகங்கள் ஒரு அலமாரி நிறைய இருந்தன. ஒன்றை உருவினேன். வரவில்லை. கொஞ்சம் பலமாக இழுத்தேன். ஆறு புத்தகம் சேர்ந்து அசைந்தன. பசை போட்டு ஒட்டியிருக்கிறார்கள்.

"கையை வெச்சுக்கிட்டு சும்மா வாடி" என்று அக்கா பல்லைக் கடித்தாள்.

அதற்குப் பக்கத்திலேயே இன்னொரு அலமாரி. தேயிலை டப்பா, சோப்புப் பெட்டி, ஆணிகள் போட்ட கண்ணாடி ஜாடி, தராசு. குடிக்கிற இடத்தில் தராசுக்கு என்ன வேலை என்று முதலில் சிரிப்பு வந்தது. உண்மையில் இந்த வேடிக்கைக்குப் பின்னால் விஷயம் இருக்கிறது. அயர்லாந்தின் சிற்றூர்களில் ஒரே கடைதான் மளிகை, இரும்புச் சாமான், மது மூன்றையும் விற்றது. முன்பக்கம் சர்க்கரையும் தேயிலையும் நிறுத்துக் கொடுப்பார்கள், பின்பக்கம் விஸ்கி ஊற்றுவார்கள். சில ஊர்களில் அதே முதலாளிதான் சவப்பெட்டி விற்று அடக்கத்துக்கும் ஏற்பாடு செய்தார். பிறப்புக்கு ஒரு சுற்று, இறப்புக்கு ஒரு சுற்று, இரண்டும் அதே கவுன்டரில். அந்தக் காலத் தராசு இப்போது ஒட்டின புத்தகங்களுக்குத் துணையாக உட்கார்ந்திருக்கிறது.

மேசைக்கு வந்து ஆர்டர் எடுக்கும் வழக்கம் அங்கே இல்லை. நாமே கவுன்டருக்குப் போய்ச் சொல்ல வேண்டும். அக்கா தனக்கு ஒரு கின்னஸ் என்றாள். கவுன்டரில் இருந்த பையன், இருபத்திரண்டு வயதிருக்கும், மரியாதையாகத்தான் கேட்டான்: "பாதியா?"

அக்கா ஒரு நொடி அவனைப் பார்த்தாள். "நான் பாதின்னு சொன்னேனா?"

"இல்லை... சும்மா கேட்டேன்."

"முழுசு."

பையன் அதற்குமேல் பேசவில்லை. எனக்கு ஏனோ சங்கடமாக இருந்தது. ஒரு கேள்விக்கு இவ்வளவு காரம் எதற்கு? அக்காவிடம் அப்போது கேட்கவில்லை.

எனக்கு கின்னஸ் 0.0. வழக்கம்போலவே காய்ச்சிவிட்டு, சூடுபடுத்தாமல் குளிர்நிலையிலேயே வடிகட்டி ஆல்கஹாலைப் பிரித்து எடுக்கிறார்கள். அது டின்னில் வந்தது. அக்காவுடையதைத்தான் பார்க்க வேண்டும். பையன் கோப்பையை 45 பாகை சாய்த்துப் பிடித்து முக்கால் பங்கு நிரப்பினான். அப்புறம் கவுன்டரில் வைத்துவிட்டு வேறு வேலை பார்க்கப் போய்விட்டான். மறந்துவிட்டான் என்றே நினைத்தேன். மறக்கவில்லை, அதுதான் முறை. முதல் ஊற்று அடங்கித் தெளிந்த பிறகுதான் மீதியை ஊற்றுவார்கள். மொத்தம் 119.5 விநாடி என்பது கின்னஸ்காரர்கள் விளம்பரத்தில் சொல்லும் கணக்கு. அந்த அரை விநாடியை யார் அளந்தார்களோ!

கோப்பைக்குள் குமிழ்கள் கீழே போவதை அப்போதுதான் முதன்முதலாகக் கண்ணால் பார்த்தேன். குமிழ் என்றால் மேலே வர வேண்டும். இதில் கண்ணாடிச் சுவரை ஒட்டி, பழுப்பு மணல் சரிவதுபோல் மேலிருந்து கீழே இறங்குகிறது. கண்ணை ஏமாற்றும் தோற்றம் அல்ல. கோப்பை மேலே அகலமாகவும் கீழே குறுகலாகவும் இருப்பதால், நடுவில் குமிழ்கள் கூட்டமாக மேலேறி திரவத்தையும் இழுத்துக்கொண்டு போகின்றன. மேலே போன திரவம் ஓரமாகக் கீழே இறங்கியாக வேண்டும். இறங்கும்போது ஓரத்துச் சின்னக் குமிழ்களையும் தன்னோடு இழுத்துவிடுகிறது. லிமெரிக் பல்கலைக்கழகக் கணித ஆய்வாளர்கள் 2012-இல் இதைக் கணக்குப் போட்டு விளக்கினார்கள். குமிழ்கள் அவ்வளவு பொடியாக இருப்பதற்குக் காரணம் நைட்ரஜன். அதைப் புகுத்தி இந்த நுரையைக் கொண்டுவந்தவரும் ஒரு கணித ஆள்தான், மைக்கேல் ஆஷ் என்று பெயர், வருடம் 1959. ஆர்தர் கின்னஸ் டப்ளினில் ஆலை இடத்தை 9,000 வருடக் குத்தகைக்கு எடுத்தது 1759. சரியாக இருநூறு வருடம் கழித்து நுரை வந்திருக்கிறது. குத்தகைப் பணம் வருடத்துக்கு 45 பவுண்டு. 9,000 வருடம்! அந்த ஒப்பந்தத்தை எழுதிய வக்கீலை நினைத்துப் பார்க்கிறேன்.

அக்கா காட்ட வேண்டும் என்று சொன்ன மூலை, கவுன்டரின் ஒரு கோடியில் இருந்தது. தலைக்கு மேல் போகும் உயரத்துக்கு மரத்தடுப்பு. தடுப்பின் மேல்பாதியில் ஆள் உருவம் தெரியாத மங்கல் கண்ணாடி. ஒரு கதவு. உள்ளே இரண்டு பெஞ்சு, நடுவில் ஒரு மேசை, நெருக்கினால் ஆறு பேர் உட்காரலாம். கவுன்டர் பக்கச் சுவரில் ஒரு சின்ன ஜன்னல் கதவு. அதைத் திறந்தால் நேராக பார்மேனின் கை. இதற்கு 'ஸ்னக்' என்று பெயர்.

"இதை ரிசர்வ் பண்ண ரெண்டு வாரம் முன்னாடியே சொல்லணும். நீ வர்றேன்னு சொன்ன அன்னைக்கே சொல்லிட்டேன்" என்றாள் அக்கா.

உள்ளே போய்க் கதவைச் சாத்தியதும் வெளியே தொலைக்காட்சியில் ஓடிய கால்பந்துக் கூச்சல் பாதியாகக் குறைந்தது. மரத்தில் பாலிஷ் வாசனை. கதவின் உள்பக்கம் ஒரு பித்தளைத் தாழ்ப்பாள். புத்தகம் ஒட்டின ஆட்கள் இதையும் அழகுக்குத்தான் அடித்திருப்பார்கள் என்று நினைத்துக்கொண்டேன்.

ஸ்னக் இன்றைக்குக் காதலர்களும் பிறந்தநாள் கூட்டமும் போட்டி போடும் இடம். கட்டப்பட்ட காரணம் வேறு. பத்தொன்பதாம் நூற்றாண்டு அயர்லாந்தில் பப்பின் பொதுக்கூடம் ஆண்களுடையது. பெண் அங்கே நின்று குடித்தால் பேர் கெட்டுவிடும். ஆனால் பெண்களும் குடித்தார்கள், அவர்கள் காசும் காசுதான். கடைக்காரர் என்ன செய்வார்? ஒரு பெட்டி அடித்து, சில இடங்களில் தெருவிலிருந்தே நேராக நுழைய ஒரு வாசலும் வைத்து, "வாங்கம்மா, யாரும் பார்க்க மாட்டாங்க" என்றார். ஜன்னல் வழியாகக் கோப்பை வரும், ஜன்னல் வழியாகக் காசு போகும். கொடுப்பவன் கண்ணுக்குக்கூட முழு முகம் தெரியாது. இதே பெட்டியில் ஊர்ப் பாதிரியாரும் உட்கார்ந்தார், சீருடையில் இருந்த போலீஸ்காரரும் உட்கார்ந்தார். மூன்று தரப்புக்கும் ஒரே கவலை, நாலு பேர் கண்ணில் படக்கூடாது. குடிக்குப் பேர்போன நாடு என்று உலகம் சொல்லும் அயர்லாந்தில், புனித வெள்ளியன்று பப் மது விற்கக்கூடாது என்ற 1927-ஆம் வருடச் சட்டம் 2018-இல்தான் விலகியது. குடியும் கண்காணிப்பும் அங்கே அண்ணன் தம்பி மாதிரி ஒரே வீட்டில் வளர்ந்தவை.

வட அயர்லாந்தின் பெல்ஃபாஸ்டில் 'கிரவுன் லிக்கர் சலூன்' என்று ஒரு பப் இருக்கிறது. நேஷனல் டிரஸ்ட் என்ற பாரம்பரியப் பாதுகாப்பு அமைப்பின் பொறுப்பில் உள்ள கட்டடம். அங்கே வரிசையாக ஸ்னக்குகள், ஒவ்வொன்றுக்கும் கதவு, பணியாளைக் கூப்பிட மணி, தீக்குச்சி உரசச் சுவரில் உலோகத் தகடு. மறைவிலும் ஒரு சொகுசு.

"அந்தப் பையன்கிட்ட ஏன் அப்படிப் பேசின?" என்று இப்போது கேட்டேன்.

அக்கா நுரையை மேலுதட்டிலிருந்து துடைத்துக்கொண்டாள். "பாதி கதை உனக்குத் தெரியாதுல்ல?"

தெரியாது. சொன்னாள். வீட்டுக்கு வந்து சரிபார்த்தேன், உண்மைதான். முழுக் கோப்பை என்பது ஒரு பைன்ட், 568 மில்லி. 1970களில்கூட அயர்லாந்தின் பல பப்களில் பெண்ணுக்குப் பைன்ட் கொடுக்க மாட்டார்கள். பாதிதான், அதை அங்கே 'ஒரு கிளாஸ்' என்பார்கள். பைன்ட் பிடிப்பது பெண்ணுக்கு லட்சணமில்லையாம். சில பப்களில் பெண்ணுக்குப் பரிமாறுவதே இல்லை. நெல் மெக்காஃபர்ட்டி என்ற பத்திரிகையாளர், பெண்ணுரிமைக்காக வாழ்நாளெல்லாம் சண்டை போட்டவர், தோழிகளோடு டப்ளினில் ஒரு பப்புக்குப் போனார். ஏறக்குறைய முப்பது பேர். எல்லோருக்கும் பிராந்தி என்றார்கள். வந்தது. குடித்தார்கள். அப்புறம், "ஒரு பைன்ட் கின்னஸ்" என்றார்கள். பெண்களுக்குப் பைன்ட் கிடையாது என்று பதில். "நாங்க கேட்டதை நீங்க தரலை, நீங்க கேட்கிறதை நாங்களும் தரலை" என்கிற கணக்கில், பிராந்திக்குக் காசு கொடுக்காமல் எழுந்து வந்துவிட்டார்கள். ஆண், பெண் என்று பார்த்துச் சேவை மறுக்கக்கூடாது என்று அங்கே சட்டம் வந்தது 2000-இல். அவ்வளவு தாமதம்.

"அந்தப் பையன் பாவம், அவனுக்கு இதெல்லாம் எங்க தெரியும்?" என்றேன்.

"அதான் சொல்றேன். தெரியாமலே கேக்கிறான் பாரு."

ஜன்னல் கதவு தட்டப்பட்டது. அதே பையன். "உங்கள் சாப்பாடு" என்று இரண்டு தட்டு நீட்டினான். அக்கா நன்றி சொன்ன தொனியில் சமாதானம் இருந்தது.

சாப்பாட்டைப் பற்றிச் சொல்வதற்குமுன் ஒன்று. அசல் ஐரிஷ் பப் சாப்பிடும் இடமாக வளர்ந்ததல்ல. நிறைய பப்களில் கிடைத்தது ஹாமும் சீஸும் வைத்துச் சுட்ட சாண்ட்விச், இல்லையென்றால் ஒரு சிப்ஸ் பாக்கெட். பாக்கெட்டைப் பக்கவாட்டில் கிழித்து விரித்து, மேசை நடுவில் போட்டு எல்லோரும் எடுத்துக்கொள்வார்கள். சீஸ்-வெங்காயச் சுவை சிப்ஸே அயர்லாந்தில் பிறந்ததுதான், 1954-இல் ஜோ மர்ஃபி தொடங்கிய 'டேட்டோ' கம்பெனியில். மது குடித்து வண்டி ஓட்டுவதற்கான சட்டம் இறுகிய பிறகு பப்களுக்குச் சாப்பாடும் பிழைப்பானது. வெளிநாட்டு ஐரிஷ் பப்களோ முதல் நாளிலிருந்தே மெனு கார்டோடு வந்தவை. ஆகவே சாப்பாட்டு விஷயத்தில் நகல்தான் முன்னோடி.

மெனுவில் கார்ன்ட் பீஃப் என்கிற உப்பிட்ட மாட்டுக்கறியும் முட்டைக்கோஸும் 'பாரம்பரியம்' என்ற தலைப்பின்கீழ் இருந்தது. அது அமெரிக்காவின் பாரம்பரியம். அயர்லாந்தில் முட்டைக்கோஸோடு வேகவைத்தது உப்பிட்ட பன்றிக்கறி. கார்க் துறைமுகத்திலிருந்து உப்புப் போட்ட மாட்டுக்கறி பீப்பாய் பீப்பாயாகப் பிரிட்டிஷ் கப்பல்களுக்குப் போனது, ஆனால் அதைத் தயாரித்த ஊரின் ஏழைக்கு வாங்கக் கட்டுப்படியாகவில்லை. நியூயார்க்குக்குப் பிழைக்கப் போன பிறகு, யூதக் கசாப்புக்கடைகளில் மாட்டின் மார்புக்கறி மலிவாகக் கிடைத்தது. வாங்கி, தெரிந்த முட்டைக்கோஸோடு போட்டார்கள்.

அக்கா சொன்னது மாட்டுக்கறி-கின்னஸ் பை (pie). இதில் எனக்கு ஒரு பெரிய மனக்குறை. பை என்றால் அடியிலும் பக்கத்திலும் மாவு இருக்க வேண்டும், கறியின் சாறு அடிமாவில் ஊறி, வெட்டும்போது கொஞ்சம் சண்டை போட வேண்டும். வந்தது ஒரு பீங்கான் கிண்ணத்தில் குழம்பு, மேலே பஃப்ஸ் மாவில் சுட்ட ஒரு மூடி. முள்கரண்டியால் தொட்டதும் மூடி முழுசாகக் கழன்று கையோடு வந்தது. தொப்பியைக் கழற்றி வணக்கம் சொல்வது மாதிரி. அக்கா அந்தத் தொப்பியைக் குழம்பில் பிய்த்துப் போட்டுச் சாப்பிட்டாள். "குழம்பு நல்லாத்தான் இருக்கு" என்றாள். நல்லாத்தான் இருந்திருக்கும். கின்னஸில் இருக்கும் வறுத்த பார்லியின் கசப்பு, நீண்ட நேரம் வெந்த மாட்டுக்கறிக்கு ஒத்துப்போகும். என் வழக்கு பெயரைப் பற்றியது.

எனக்கு ஐரிஷ் ஸ்டியூ. கின்னஸ் சேர்க்காதது என்று கேட்டு உறுதி செய்துகொண்டேன், ஏனென்றால் கொதித்தாலும் ஆல்கஹால் மொத்தமும் போய்விடுவதில்லை. பழைய முறையில் இதில் நான்கே பொருள்: ஆட்டுக்கறி, உருளைக்கிழங்கு, வெங்காயம், தண்ணீர். கேரட் சேர்க்கலாமா கூடாதா என்று அங்கே இன்றும் சண்டை. ஆடு பாலுக்கும் கம்பளிக்கும் வளர்ந்தது. வயதாகி இரண்டுக்கும் உதவாமல் போனால்தான் பானைக்கு வரும். அந்தக் கறி இளக மணிக்கணக்கில் சிறுதீ வேண்டும். அந்த நேரத்துக்குள் பாதிக் கிழங்கு கரைந்து சாறு கெட்டியாகிவிடும், மாவு தனியாகக் கரைக்க வேண்டியதில்லை.

கிண்ணத்தில் கரண்டியை விட்டேன். ஒரு கிழங்குத் துண்டு விளிம்பு மட்டும் மழுங்கி, நடுவில் முழுசாக நின்றது. அழுத்தினால் பொலபொலவென்று உதிர்ந்தது. அப்படி உதிரும் கிழங்கைத்தான் ஐரிஷ்காரர்கள் மெச்சுவார்கள். மேலே மிதந்த கொழுப்பு சின்னச் சின்ன வட்டமாக விளக்கு வெளிச்சத்தை வாங்கியது. உப்பு ஒரு சிட்டிகை குறைவு. போட்டுக்கொண்டேன். அவ்வளவுதான் குறை.

இவ்வளவு எளிய சாப்பாட்டில் உட்கார்ந்துகொண்டு 1845-ஐ நினைக்காமல் இருக்க முடியாது. அந்த வருடம் உருளைக்கிழங்குப் பயிரில் கருகல் நோய் விழுந்தது. அடுத்த ஏழு வருடத்தில் சுமார் பத்து லட்சம் பேர் பட்டினியிலும் காய்ச்சலிலும் இறந்தார்கள், இன்னொரு பத்து லட்சம் பேர் கப்பலேறினார்கள். அதே காலத்தில் அந்த நாட்டிலிருந்து தானியம் ஏற்றுமதியாகிக்கொண்டிருந்தது. போனவர்கள் போன ஊரிலெல்லாம் பப் திறந்தார்கள். கன்டெய்னர் பப்புக்கு நூற்றைம்பது வருடம் முந்திய ஐரிஷ் பப்கள் அவை. அலங்காரம் எதுவும் தேவைப்பட்டிருக்காது, பக்கத்தில் நிற்பவன் ஊர்ப்பேச்சு காதில் விழுந்தால் போதும்.

கூடவே வந்த சோடா ரொட்டி தனியாகச் சொல்லத்தக்கது. ஈஸ்ட் கிடையாது. அந்த ஊரின் மென்மையான கோதுமை ஈஸ்ட் ரொட்டிக்கு ஒத்துவராது. மோரின் புளிப்பும் சமையல் சோடாவும் சேர்ந்து பொங்க வைக்கின்றன. மேலே சிலுவைக்கோடு கீறுவார்கள். பிசாசு போக என்பார்கள், தேவதை போக என்பார்கள். போகிறது எதுவோ, நடுப்பகுதி நன்றாக வேக அந்தக் கீறல் உதவுகிறது. வெண்ணெய் தடவி ஸ்டியூவில் தோய்த்தேன். இரண்டாவது துண்டுக்கு அக்காவின் தட்டில் கை நீண்டது.

ஒன்பது மணி வாக்கில் தொலைக்காட்சியை அணைத்துவிட்டு யாரோ ஃபிடில் வாசிக்க ஆரம்பித்தார்கள். கதவை லேசாகத் திறந்து பார்த்தேன். மேடை இல்லை. ஒரு சாதாரண மேசையைச் சுற்றி நான்கு பேர், ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்து உட்கார்ந்து, எங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு வாசித்தார்கள். அவர்களுக்காக வாசித்துக்கொண்டார்கள், நாங்கள் ஒட்டுக்கேட்டோம். பௌரான் என்கிற வட்ட மேளத்தைத் தொடைமேல் நிறுத்தி, ஒரு சின்னக் குச்சியால் தட்டினவருக்கு அறுபது வயதுக்குமேல் இருக்கும். கண் மூடியிருந்தது.

கதவு திறந்திருப்பதைப் பார்த்த ஒரு ஆள், கையில் கோப்பையோடு, தலையை உள்ளே நீட்டினான். எங்கள் இருவரையும் பார்த்தான், காலியான எதிர்ப் பெஞ்சையும் பார்த்தான். "ரெண்டு பேர்தானா? நாங்களும் உட்காரலாமா?" என்று சிரித்தான். அவன் பின்னால் இன்னும் மூன்று பேர்.

"மன்னிக்கணும். இது எங்க இடம்" என்றாள் அக்கா, சிரிக்காமல்.

அவன் தோளைக் குலுக்கிவிட்டு நகர்ந்தான். அக்கா எழுந்து கதவைச் சாத்தினாள். தாழ்ப்பாளில் கை வைத்தாள்.

"அது சும்மா அழகுக்கு அக்கா" என்றேன்.

"அப்படியா?"

இழுத்தாள். பித்தளை வழுக்கிக்கொண்டு போய், கதவுச் சட்டத்தில் இருந்த துளைக்குள் டக்கென்று விழுந்தது. அக்கா வந்து உட்கார்ந்து, மிச்சம் இருந்த முக்கால் கோப்பையை எடுத்துக்கொண்டாள்.